பள்ளிக்குச் செல்லும் நீரிழிவுக் குழந்தைகள்

நீரிழிவு என்றால் நாற்பது வயதைக் கடந்தோரின் நோய் என்றே நம்மில் பலர் எண்ணி வருகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது வருவதுண்டு. முதல் வகை நீரிழிவு எனப்படும் அதில், கணையம் இன்சுலினைச் சுரக்கும் ஆற்றலையே இழந்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்ததன்று. பெற்றோர் செய்த பிழையுமன்று. கஷாயமோ பத்தியமோ இன்சுலினுக்கு ஈடாகாது. 1922-ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பெற்றவன் பதினான்கு வயதுச் சிறுவனே. இன்றும் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு அபாயம் நேரும்.

ஆகவே ஊசியும் வேளை தவறாத உணவும் பிள்ளையுடன் பள்ளிக்கும் சென்றாக வேண்டும். இது குறித்து 2023-ஆம் ஆண்டில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கல்வித் துறையினருக்கு எழுதியது. மருத்துவர் கூறியிருப்பின், வகுப்பு வேளையிலும் பிள்ளை இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், சிற்றுண்டி அருந்தவும் இடந்தர வேண்டும். தேர்வுக் கூடத்திற்குச் சர்க்கரை மாத்திரை, பழம், பிஸ்கட், தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல விட வேண்டும் என்பது அதன் சாரம். உத்தரப் பிரதேச அரசு அவ்வாண்டிலேயே இதனைத் தன் பள்ளிகளுக்கு உத்தரவாக அனுப்பியது. நம் ஊர்த் தலைமை ஆசிரியர் இதனை அறியாதிருக்கலாம். எடுத்துக் கூறுவது நம் கடமை.

ஆசிரியர்கள் முக்கியமாக அறிய வேண்டியது சர்க்கரை தாழ்ந்துவிடும் நிலையைத்தான். ஊசி போட்டபின் உணவு தாமதமானாலோ, விளையாட்டு மிகுந்தாலோ அது நேரும். வியர்வை, நடுக்கம், பசி, காரணமற்ற கோபம், தூக்கக் கலக்கம் தோன்றும். குறும்பென்றும் சோம்பலென்றும் கருதி அப்பிள்ளையை வெளியே நிறுத்துவது பெருந்தீங்கு. தனியே எங்கும் அனுப்பவும் கூடாது. சோதனையில் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடங்கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். கருவி கைவசமில்லையெனில் காத்திராமல் சர்க்கரை கொடுப்பதே நன்று. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

அச்சங்குளம் வட்டாரத்து வெயிலில் மருந்தைக் காப்பதும் ஒரு வேலைதான். வெயில் படும் சன்னலோரத்தில் புத்தகப் பையோடு வைத்தால் இன்சுலின் கெட்டுவிடும். குளிர்பெட்டியின் பனி உறையும் அறையிலும் வைக்கலாகாது. குளிர்பெட்டி இல்லாதவர்கள், குப்பியை ஈரம் புகாதபடி மூடி, நீர் ஊறிய மண்பானைக்குள் வைக்கலாம்.

பெண்பிள்ளைக்கு நாளை வரன் அமையாதென்று அஞ்சி, நோயைப் பள்ளிக்குச் சொல்லாமலே மறைக்கும் பெற்றோரும் உண்டு. அந்த அச்சம் நமக்குப் புரியாததன்று. ஆயினும் வகுப்பில் பிள்ளை மயங்கி விழும்போது, காரணம் அறியாத ஆசிரியர் என்ன செய்வார்? ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. தலைமை ஆசிரியரும் வகுப்பாசிரியரும் அறிந்தால் போதும். ஊசியின் அளவு, உண்ணும் வேளை, சர்க்கரை தாழ்ந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றை மருத்துவரிடம் எழுதி வாங்கி, பள்ளி திறக்கும் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். பட்டாசுத் தொழிற்சாலைக்குள் கைபேசி கொண்டுசெல்ல இயலாதவர்கள், பகலில் வீட்டிலிருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் அதில் சேர்த்து எழுதுவார்களாக.