செல்லும் புற்றும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரில், அந்நோயைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த எண்ணமும் பதிந்து கிடக்கும். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் ஆறாத கட்டி ஒன்றைக் கண்டு, நண்டு எனப் பொருள்படும் 'கார்க்கினோஸ்' என்னும் பெயரால் அதனை வழங்கினர். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் குருதிக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியமையே காரணம் என்பர். இலத்தீனில் அது 'கேன்சர்' ஆயிற்று. அரபு மருத்துவர்கள் அதனைச் 'சரத்தான்' என்றனர். அரபியில் சரத்தான் என்றால் நண்டு. வானத்துக் கடக இராசிக்கும் அதுவே பெயர். மூன்று மொழிகளும் நண்டைக் கண்டன. தமிழோ புற்றைக் கண்டது.

நண்டு வெளியிலிருந்து வந்து பற்றுவது. புற்றோ அந்நிலத்து மண்ணாலேயே, ஓசையின்றி, அடியில் வேர்விட்டு மேலே எழுவது. நமக்குத் தெரியவரும்போது அது பல நாள் வளர்ந்திருக்கும். இன்றைய உயிரியல் காட்டும் உண்மைக்கு நெருங்கி நிற்பது நம் தமிழ்ப் பெயரே என்பது நம் கருத்து. அஃது எவ்வாறு என்பதைச் சிறிது விரித்துக் காண்போம்.

1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர், தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கினார். தேன்கூட்டின் கண்ணறைகள் போன்ற சிறு சிறு அறைகள் தென்பட்டன. அவற்றுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். அச்சொல்லுக்குச் சிற்றறை என்பது பொருள். அவர் கண்டது உயிர் நீங்கிய வெறும் சுவர்களையே. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் நாம் உயிரணு என்கிறோம். இலங்கைத் தமிழர் கலம் என்பர்.

ஈண்டு ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. தமிழில் 'செல்' என்பது கறையானுக்கும் பெயர். செல்லரித்த ஏடுகளிலிருந்தன்றோ உ.வே.சா. அவர்கள் சங்க நூல்களை மீட்டெடுத்தார்! செல் கட்டுவது புற்று. செல்லில் தோன்றுவதும் புற்று. இஃது ஒலியால் நேர்ந்த ஒற்றுமையே அன்றி வேறன்று. இதனைக் கொண்டு வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டா என மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. ஓர் உயிரணு பிளந்தே மற்றோர் உயிரணு தோன்றும் என்பதை 1855இல் செருமானிய மருத்துவர் விர்ஃகோ வலியுறுத்தினார். அவ்வாறு பிளக்கும்போதெல்லாம் டி.என்.ஏ. என்னும் ஏடு படியெடுக்கப்பட வேண்டும். அதில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகள். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியோர் எத்துணைக் கவனமாக இருந்தும் பாடவேறுபாடுகள் புகுந்தன அல்லவா? இங்கும் அதுவே நிகழ்கிறது. மெய்ப்புத் திருத்தும் நொதிகள் உயிரணுவுக்குள் இருந்து பெரும்பாலான பிழைகளை உடனுக்குடன் களைகின்றன. எஞ்சியவை தங்கிவிடுகின்றன. இத்தகைய மாற்றத்தைச் சடுதி மாற்றம் என்பர். புகையிலையின் நச்சுப் பொருள்கள், கதிரவனின் புறஊதாக் கதிர்கள் ஆகியன இப்பிழைகளை மிகுவிக்கின்றன.

பிழை மிகுந்த உயிரணு என் செய்யும்? தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். கருவிலிருக்கும் குழந்தையின் கை முதலில் துடுப்புப் போன்றே இருக்கிறது. விரல்களுக்கு இடைப்பட்ட உயிரணுக்கள் முறையாக மடிவதனாலேயே விரல்கள் பிரிகின்றன. இந்த ஒழுங்கான மறைவுக்கு 1972இல் கெர், வில்லி, கரி என்னும் மூவர் 'அப்போப்டோசிஸ்' எனப் பெயர் சூட்டினர். மரத்திலிருந்து இலை உதிர்தல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அதனை எடுத்துக் கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். மொழித்துறைக்கு அறிவியலில் என்ன வேலை என்று நம்மைக் கேட்போர்க்கு இச்செய்தியை நாம் மகிழ்ச்சியோடு எடுத்துரைப்பதுண்டு. 'உயிரணு உதிர்வு' என்றே தமிழில் வழங்கலாம்.

உதிர வேண்டிய உயிரணு உதிர மறுத்து, பிளந்துகொண்டே செல்லுமாயின் அதுவே புற்று. ஒரு பிழையால் இது நேர்வதன்று. பெருகு எனும் கட்டளை ஓயாதிருக்க வேண்டும்; நில் எனும் கட்டளை செவியேறாதிருக்க வேண்டும்; உதிர்வு தடைபட வேண்டும். இத்தனை பிழைகளும் ஒரே வழிமரபில் வந்து சேரப் பெரும்பாலும் பல்லாண்டுகள் ஆகும். முதுமையில் இந்நோய் மிகுவது இதனாலேயே.

இங்குத்தான் பரிணாமக் கோட்பாடு வந்து இணைகிறது. 1859இல் டார்வின் கூறியதன் சாரம் இது: உயிர்களிடையே வேறுபாடுகள் உண்டு, அவை வழிவழி வருவன, சூழலுக்கு ஏற்றவை மிகுதியாகப் பெருகும். மனிதத் தோற்றம் பற்றிய விவாதத்துள் நாம் இக்கட்டுரையில் புகவில்லை. ஆனால் இதே விதி ஒரு நோயாளியின் உடலுக்குள்ளேயே, மருத்துவர் கண்ணெதிரில் இயங்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. 1976இல் பீட்டர் நோவெல் என்னும் அமெரிக்க அறிஞர், கட்டி என்பது ஓர் உயிரணுவிலிருந்து கிளைத்துப் படிப்படியே பரிணமிக்கும் கூட்டம் என விளக்கினார்.

இவரே 1960இல், பிலடெல்பியாவில் ஹங்கர்ஃபோர்டு என்பவருடன் சேர்ந்து, நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒன்றில் இயல்பினும் குறுகிய குரோமோசோம் இருப்பதைக் கண்டவர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டமையின் விளைவு அது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி என்னும் பெண்மணி கண்டறிந்தார். அப்பிழையால் பிறக்கும் புரதத்தை மட்டும் குறிபார்த்து அடக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்ததும், 2013இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவையே நிலைநிறுத்தியதும் நம் நாட்டு ஏழை நோயாளிகளுக்குக் கிடைத்த பெரும்பேறு எனலாம். எனினும் சிலரிடம் அம்மருந்துக்கு மசியாத உயிரணுக்கள் தலைதூக்கின. மருந்து பற்றும் இடத்தில் ஓர் எழுத்து மாறியதே அதற்குப் போதுமானதாயிற்று. மருந்தென்னும் புதிய சூழலில் பிழைக்க வல்லவை பிழைத்துப் பெருகின. அவற்றை அடக்கப் பிற மருந்துகளைத் தேட வேண்டியதாயிற்று.

உயிரணு மிகுந்த பேருடல் விலங்குக்குப் புற்றும் மிகுதியாக வருதல் வேண்டுமே எனின், யானைக்கு அவ்வாறு வருவதில்லை. பிழைபட்ட உயிரணுவைத் தடுத்து நிறுத்தும் பி-53 என்னும் காவற்புரதத்துக்கான மரபணு நமக்கு ஓர் இணையே உண்டு. யானைக்கு 20 இணைகள் உள்ளன என்பதை 2015இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

நாள் செல்லச் செல்லப் புற்றின் உயிரணுக்கள் வேறுபட்டுப் பெருகும் என்பதனால், தொடக்கத்தில் எளிதாக இருப்பது பின்னர் அரிதாகிறது. இதன் காரணத்தை அறியாவிடினும் விளைவை அந்தலூசிய மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி அறிந்திருந்தார். 936 முதல் 1013 வரை வாழ்ந்த அவர் தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில், மார்பகம் போன்ற இடத்தில் தொடக்கநிலையில் உள்ள கட்டியை முழுவதும் அகற்றலாம் என்றார். முற்றிப் பெருத்ததை அணுக வேண்டா, அதைத் தாமும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதும் இல்லை என்று ஒளிவின்றி எழுதினார். இப்னு சீனாவும் வேரோடு களைவதையே வற்புறுத்தினார்.

ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இவ்வறிவுரையைப் போற்றும் நம் சமுதாயத்து வீடுகளில், இன்றும் இந்நோயின் பெயரை உரக்கச் சொல்வாரில்லை. 'அந்த வியாதி' என்பர். மார்பில் கட்டி கண்ட தாய் மகனிடமும் சொல்லாள், மருமகளிடமும் சொல்லாள். ஆண் மருத்துவரிடம் காட்ட நாணி மாதங்களைக் கடத்துவோர் உளர். பெண் மருத்துவரை நாடிச் செல்ல இன்று வழியுண்டு. அழைத்துச் செல்லத்தான் வீட்டில் ஆள் வேண்டும். நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி வைக்கும் கொடுமையும் சில இடங்களில் உண்டு. புற்று என்பது அவருடைய சொந்த உயிரணு. உடன் உண்பதால் மற்றவரைப் பற்றாது. அதற்கு வித்திடும் கிருமிகள் சில மட்டுமே தொற்றுவன.

அவற்றுள் ஒன்றாகிய ஹெச்.பி.வி. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் என்பதைச் செருமானிய அறிஞர் ஹரால்ட் ஹவுசன் 1980களில் நிறுவி, 2008இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அவ்வைரசைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. இயல்பான எதிர்ப்பாற்றல் உடைய பெண்ணின் உடலில், மாறத் தொடங்கிய உயிரணு புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவ்விடைவெளியில் அதனைக் கண்டறியும் பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.