உடலிற் கல்சியத்தின் வரவு செலவு

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் 100க்கு 99 பங்கு என்பிலும் பல்லிலும் அடங்கியுள்ளது. எஞ்சிய ஒரு பங்கே குருதியிலும் தசையிலும் நின்று, இதயம் துடிக்கவும் நரம்பு தொழிற்படவும் துணைசெய்கின்றது. குருதியிற் கல்சியம் குறையுமாயின், என்பு தன் இருப்பிலிருந்து கொடுத்துதவும். ஆகவே என்பை வெறுந் தூணென்று கருதலாகாது. அது நாடோறும் வரவும் செலவும் நிகழும் பண்டகசாலையாகும்.

இவ்வரவு செலவை அளப்பது எங்ஙனம்? உண்ட கல்சியத்திலிருந்து மலத்திற் கழிந்ததைக் கழித்தால் குடல் உறிஞ்சிய அளவு தெரியுமன்றோ எனலாம். தெரியாது. குடல் உணவிலுள்ள கல்சியத்தை உறிஞ்சும் அதேவேளை, குருதியிலுள்ள கல்சியத்திற் சிறிதளவு செரிமான நீர்களின் வழியே மீளவும் குடலை அடைகின்றது. கழிந்ததில் உறிஞ்சப்படாதது எது, உட்சென்று மீண்டது எது என்பதை இக்கணக்குக் காட்டமாட்டாது.

மந்தையிற் கலக்கும் மாட்டை அடையாளங் காணக் குறிசுடுவது நம் ஊர் வழக்கு. கல்சிய அணுவுக்கு அத்தகைய குறியை இயற்கையே இட்டுள்ளது. இம்மூலகத்தின் அணுக்களில் 100க்கு ஏறத்தாழ 97, திணிவெண் 40 உடையவை. திணிவெண் 44 உடையவை ஏறத்தாழ 2. 42 உடையவை ஒன்றினுங் குறைவு. நியூத்திரன்களின் தொகையில் மாத்திரம் வேறுபடும் இவற்றைச் சமதானிகள் என்பர். உடல் இவற்றை ஏறக்குறைய ஒன்றுபோலவே நடத்துகின்றது. திணிவு நிறமாலைமானி என்னுங் கருவியோ இவற்றை வேறுபிரித்து அளந்துவிடும்.

ஆய்வாளர் கல்சியம்-44ஐச் செறிவாக்கிப் பாலிற் கலந்து பருகக் கொடுப்பர். கல்சியம்-42ஐ ஊசிமூலம் நாளத்தில் ஏற்றுவர். பின்னர் 24 மணிநேரச் சிறுநீரைச் சேர்த்து ஆராய்வர். ஏற்றியது முழுவதும் குருதியை அடைந்தது. பருகியதில் குடல் உறிஞ்சிய அளவே அடைந்தது. அடைந்தபின் இரண்டுக்கும் ஒரே கதி. ஆதலின், ஏற்றியதில் 100க்கு 8 பங்கும், பருகியதில் 100க்கு 2 பங்கும் சிறுநீரிற் காணப்படின், குடல் உறிஞ்சியது காற்பங்கு என்பது பெறப்படும்.

முன்னர் கல்சியம்-45, கல்சியம்-47 ஆகிய கதிர்த்தொழிற்பாடுடைய சமதானிகளே இதற்குப் பெரிதும் பயன்பட்டன. ஆயின் அவற்றைக் கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்தல் தகாது. என்பு புதிதாய்க் கட்டப்படுவதோ அவர்களிடத்தேதான்! எவரைப்பற்றி அறிதல் முதற்கண் வேண்டுமோ அவரையே அளக்க இயலாதிருந்தது. கதிர் வீசாத சமதானிகள் அக்குறையைத் தீர்த்தன. பிறக்குங் குழந்தையின் உடலில் ஏறத்தாழ 30 கிராம் கல்சியம் உண்டு. அதன் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து செல்வது. அதற்கு ஈடாகக் கருவுற்ற தாயின் குடல் வழமையினும் ஏறத்தாழ இருமடங்கு கல்சியத்தை உறிஞ்சுகின்றது என்பதை இம்முறை தெளிவாக்கிற்று.

ஆயினும், உணவில் இருந்தாலன்றோ குடல் உறிஞ்சும்? பாலும் குரக்கனும் எள்ளும் தாயின் தட்டில் இல்லையேல், பிள்ளைக்கு வேண்டியதை அவளுடைய என்பே கொடுக்க நேரும். வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்மாரின் பிள்ளைகளாகிய நாம் இதனை மறத்தலாகாது.