வாசற்படியோடு நின்ற சட்டம்

1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பிரிட்டனில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர்கள் 10 லட்சத்துக்கும் அதிகம். விவசாயத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் பார்த்த தொழில் அதுதான். பருத்தி ஆலைகளில் உழைத்தவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனாலும் விக்டோரியா காலத்து வர்க்க வேற்றுமையைப் பேசுகிறவர்கள் ஆலையையும் சுரங்கத்தையுமே காட்டுகிறார்கள். அந்த வேற்றுமையின் கோடு உண்மையில் வீட்டுக்குள்ளேதான் கிழிக்கப்பட்டிருந்தது. அதை அழிக்க அந்தக் காலத்துச் சீர்திருத்தவாதிகள் கை நீட்டவில்லை என்பதே என் வாதம்.

யார் நடுத்தர வர்க்கம் என்பதற்கு அன்று இருந்த எளிய அடையாளம், வீட்டில் வேலையாள் இருப்பது. 1861இல் புத்தகமாக வந்த இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல், வருமானத்துக்குத் தகுந்தபடி எத்தனை பேரை அமர்த்தலாம் என்று பட்டியலே போட்டது. ஆண்டுக்கு 1,000 பவுண்டு வந்தால் சமையற்காரி, பணிப்பெண்கள், குழந்தை பார்ப்பவள், ஓர் ஆண் பணியாள். 150, 200 பவுண்டுதான் என்றால் எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண். 1899இல் யார்க் நகரில் வறுமையை ஆராய்ந்த சீபோம் ரௌன்ட்ரீயும், வேலையாள் வைத்திருப்பதையே தொழிலாளர் குடும்பத்தைப் பிரித்தறியும் எல்லையாகக் கொண்டார்.

அந்த ஒற்றைப் பெண்ணின் நாள் எப்படிக் கழிந்தது? வீட்டார் எழும் முன்பே கணப்புகளின் சாம்பலை அள்ளி, கம்பிகளுக்குக் கருமை பூசி, நெருப்பு மூட்ட வேண்டும். நிலக்கரியும் வெந்நீரும் மாடிக்கு ஏற வேண்டும்; கழிவுநீர் கீழே இறங்க வேண்டும். பிறகு சமையல், பாத்திரம், பூட்ஸ்களுக்குப் பாலிஷ், வாசற்படி தேய்த்தல். சிறுமியாக இருந்தபோதே வேலைக்குப் போன ஹன்னா கல்விக் பல ஆண்டுகள் எழுதிய நாட்குறிப்புகளில் இந்த வேலைகளெல்லாம் நாள்வாரியாகப் பதிவாகியிருக்கின்றன. இப்படிப்பட்ட பெண் தனிமையில் உழைக்கிறாள், அவளே இரங்கத்தக்கவள் என்று பீட்டனே ஒப்புக்கொண்டார். இரங்கியதோடு சரி.

சோறும் கூரையும் கிடைத்தனவே, ஆலை இயந்திரத்தில் கை போகும் ஆபத்து இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பசித்த கிராமத்துக் குடும்பத்துக்கு மகளின் சாப்பாடு பெரிய நிம்மதிதான். ஆனால் ஆலைப் பெண்ணுக்கு சங்கு ஊதியபின் மாலை நேரம் சொந்தம். வீட்டுப் பெண்ணுக்கோ மணி எப்போது அடித்தாலும் ஓட வேண்டும். வேலையை விட்டால் எஜமானியின் நன்னடத்தைச் சான்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது. குடும்பத்தில் ஒருத்தியாக வைத்திருந்தார்கள் என்ற பேச்சையும் வசதியான வீடுகளின் அமைப்பே மறுக்கிறது. வேலையாட்களுக்குத் தனிப் படிக்கட்டு, நிலவறையில் சமையலறை, கூரைக்கு அடியில் படுக்கை.

இன்னொரு வாதம் வலுவானது: வீடு அந்தரங்கமான இடம், அங்கே அரசு நுழைய முடியாது என்பது. ஆனால் அரசு நுழைந்துகொண்டுதான் இருந்தது. ஆண் பணியாட்களை எண்ணி வரி வாங்கும் வழக்கம் 1777இல் தொடங்கி விக்டோரியா காலம் முழுக்க நீடித்தது. இளம் வேலையாட்களைப் பட்டினி போடுவதை 1851இல் ஒரு சட்டம் குற்றமாக்கியது. வரிக்கும் பட்டினிக்கும் திறந்த கதவு வேலை நேரத்துக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை? ஜவுளி ஆலைப் பெண்களுக்கு 10 மணி நேரம் என்று 1847இல் சட்டம் இயற்றிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் வீடுகளில் விடிவதற்கு முன்பே எழுந்து கணப்பு மூட்டியவர்கள் வேலைக்காரப் பெண்கள்தான். ஆலைக்குச் சட்டம் போட்டால் செலவு ஆலை முதலாளிக்கு. வீட்டுக்குப் போட்டால் தங்களுக்கே. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தரும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வீட்டுப் பணியாளர்களுக்கு இடமில்லை. அந்த உரிமை அவர்களுக்கு 1906இல் வந்தது; விக்டோரியா இறந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.