'ஏனுங்க' என்னும் உபசாரம்

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றாகிய அஸ்தம்பட்டியில், ஏற்காட்டுக்குப் போகும் சாலையோரம் சற்று நின்று, அங்கே நடக்கும் சம்பாஷணைகளுக்குச் செவி கொடுக்கிற அயலூர்க்காரர் எவரும், வாக்கியந்தோறும் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னஞ்சிறு ஒலியைக் கவனியாமல் இருக்க முடியாது. "ஏனுங்க, கோரிமேட்டு பஸ் போயிருச்சுங்களா?" என்று ஒருவர் கேட்க, "இப்பத்தானுங்க போச்சு, சித்த நேரத்துல அடுத்தது வந்துருமுங்க" என்று மற்றவர் விடை சொல்கிறார். விஷயம் என்று பார்த்தால், ஒரு பஸ் போயிற்று, இன்னொன்று வரும் என்பது மாத்திரமே. ஆயினும் முன்பின் அறியாத அந்த இருவரும், அவ்வளவு அற்பமான வியவகாரத்துக்குள்ளேயே நான்கு முறை மரியாதையைப் பரிமாறிக்கொண்டுவிட்டார்கள். முதலில் நின்ற 'ஏன்' இங்கே காரணம் வினவும் சொல் அன்று. அது வெறும் விளி. மனைவி கணவனை அழைப்பதும், கடைக்கு வந்தவர் கடைக்காரரை அழைப்பதும், வழி தெரியாதவர் வழிப்போக்கரை நிறுத்துவதும் இந்த ஒரே சொல்லால்தான்.

இந்த 'ங்க' தமிழ்நாடு முழுவதிலும் வழங்குவதே. பிற ஜில்லாக்களில் அது பெரும்பாலும் வினையோடும் 'ஆமாம்', 'சரி' முதலிய சில சொற்களோடும் நின்றுவிட, கொங்குச் சீமையிலோ பெயர், வினா, காலம், எண் என்ற பேதம் பாராமல் எதன் பின்னும் போய்ச் சேர்ந்துகொள்கிறது. "எப்ப வந்தீங்க?" என்றால் "நேத்துங்க", "எத்தனை பேர்?" என்றால் "நாலுங்க". மேற்கே கோயமுத்தூர்ப் பக்கம் ஈற்றுயிரும் தேய்ந்து 'சரிங்', 'ஏனுங்' என்று மூக்கொலியாகவே முடிந்துவிடும். 'அண்ணா' என்ற உறவுச் சொல்லும் அதனுள் கரைந்து 'சொல்லுங்ணா' என்று ஒரே சொல்லாகிவிடும். கொங்கின் கீழெல்லையில் இருப்பதும், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழரோடு கலந்து வாழ்வதுமான சேலம் நகரில் அந்த மூக்கொலி அவ்வளவு அழுத்தமாக இல்லை. ஆனால் தெற்கே திருச்செங்கோட்டுப் பக்கம் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் அது குறைவின்றிக் கேட்கும்.

'வாருங்கள்', 'சொல்லுங்கள்' என்னும் ஏவற்பன்மையின் ஈறே தேய்ந்து 'வாங்க', 'சொல்லுங்க' என்றாகி, பிறகு தன் தாய்ச்சொல்லையும் விட்டுப் பிரிந்து தனியே உலாவப் புறப்பட்டது என்பது எளிதில் விளங்கும். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. தொல்காப்பியர் காலத்தில் 'கள்' என்பது அஃறிணைப் பெயர்களுக்கு உரிய பன்மை விகுதி. மனிதரைக் குறிக்க அது வேண்டப்படவில்லை. திருக்குறளில் 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' என்று அது உயர்திணைமேல் ஏறி வருகிறது. ஆடுமாடுகளை எண்ணப் பயன்பட்ட விகுதி, கடைசியில் மாமனாரையும் மாவட்ட ஆட்சியரையும் வணங்கப் பயன்படுகிறதென்றால், பாஷையின் போக்கை யார்தான் முன்கூட்டிச் சொல்ல வல்லார்!

இதற்கு நேர் எதிரான ஒரு பிரயாணத்தை அமெரிக்காவின் தென் மாகாணங்களில் காண்கிறோம். ஆங்கிலத்தில் ஒருமைக்குத் 'தௌ' என்றும் பன்மைக்கு 'யூ' என்றும் இருந்த முன்னிலைச் சொற்களில், பன்மைச் சொல் மரியாதையின் பொருட்டு ஒருவரையே குறிக்கப் புகுந்து, நாளடைவில் ஒருமைச் சொல்லை அடியோடு விரட்டிவிட்டது. பலரை அழைக்கச் சொல் இல்லாமற்போகவே, தென் மாகாணத்தார் 'யூ' என்பதோடு 'எல்லோரும்' என்னும் பொருளுள்ள சொல்லைப் புணர்த்தி 'யால்' என்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். பிட்ஸ்பர்க் வாசிகள் 'யின்ஸ்' என்றும், நியூயார்க்கின் சில பகுதியார் 'யூஸ்' என்றும் தத்தமக்கு வேறு செய்துகொண்டார்கள். தனியொருவனைப் பார்த்து 'யால்' என்பது உண்டா என்பது அங்கே ஓயாத விவாதம். தென்னாட்டவர், கடைக்காரன் ஒருவனிடமே அப்படிப் பேசினாலும் அவன் கடையையும் அவனைச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்தே பேசுவதாக வாதிப்பார்கள். அதுவும் போதாதபோது 'யால்' என்பதன் முன்னே மறுபடியும் 'எல்லோரும்' என்ற சொல்லைச் சேர்ப்பதுண்டு. நாமும், 'நீங்கள்' என்ற பன்மையை ஒருவருக்கே தாரை வார்த்துவிட்ட பின்பு, பலரைக் கேட்கும்போது 'நீங்கள் எல்லாம் எங்கே போகிறீர்கள்?' என்றுதானே கேட்கிறோம்!

ஆனால் கொங்கின் 'ங்க'வுக்கு இவற்றையெல்லாம் கடந்த ஒரு விசேஷம் இருக்கிறது. அது பேசப்படும் பொருளைச் சார்ந்ததன்று, கேட்பவரைச் சார்ந்தது. "அவன் பெரிய திருடனுங்க" என்று ஒருவர் சொன்னால், திருடனுக்கு 'அவன்' தான். மரியாதை முழுவதும் எதிரே நிற்பவருக்கு. "நீங்க பண்ணுனது நாயமாங்க?" என்று வரப்புத் தகராறில் முகம் சிவக்கக் கேட்கிறவரும் அந்த ஈற்றைக் கைவிடுவதில்லை; அது உதிர்ந்து 'என்னடா' என்று வந்துவிட்டதானால், அப்புறம் பஞ்சாயத்துக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். அஸ்தம்பட்டியிலேயே உள்ள நீதிமன்றங்களில் சாட்சிக் கூண்டேறும் குடியானவர் "எனக்குத் தெரியாதுங்க" என்பார். எழுத்தில் ஏறுவதோ "எனக்குத் தெரியாது" என்பதே. அவர் சொன்ன உண்மைக்கு அதனால் குறைவில்லை என்றாலும், சொன்ன மனிதர் அந்தக் காகிதத்தில் சிறிது கடுமையானவராகவே தோன்றுவார்.

சினிமாக்காரர்கள் இந்தப் பேச்சைச் சிரிப்புக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள் என்பது என் நெடுநாளைய மனக்குறை. 1995-இல் வெளிவந்த 'சதிலீலாவதி'யில் கமல்ஹாசனும் கோவை சரளாவும் அதை வெகு ரசமாகப் பேசினார்கள், மெய்தான். ஆயினும் அதற்குப் பின்பு கொங்குப் பாத்திரம் என்றால் வார்த்தைக்கு வார்த்தை 'ஏனுங்' என்று இழுப்பதே போதும் என்ற எண்ணம் பலருக்கு ஏற்பட்டுவிட்டது. 1942-இலேயே 'நாகம்மாள்' நாவலை எழுதிய ஆர். சண்முகசுந்தரம், இதே பேச்சிலே கோபமும் சோகமும் வன்மமும் எவ்வளவு இயல்பாகப் புழங்கும் என்பதைக் காட்டிவிட்டார்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த உபசாரத்தைக் கொங்கின் பெருமையாகக் கொண்டாடுகிறவர்கள், அது எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா என்று கேட்பதில்லை. பண்ணையத்தில் வேலை செய்த நரைத்த தலைக் கிழவர், பண்ணையக்காரரின் பத்து வயதுப் பையனிடமும் 'சரிங்க' என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பையனோ அவரைப் பேர் சொல்லி, 'வாடா' என்றே கூப்பிட்டான். நாமக்கல் வட்டாரத்தைச் சேர்ந்த பெருமாள்முருகன், பண்ணைகளில் ஆடு மேய்க்க விடப்பட்ட தலித் சிறுவர்களைப் பற்றி எழுதிய 'கூளமாதாரி'யைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வின் சுபாவம் நன்கு தெரியும். கீழிருந்து மேலே மாத்திரம் போன 'ங்க'வில் இருந்தது பணிவு கூட அன்று, பயம். இன்று கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் யார் எவரென்று தெரியாத காரணத்தாலேயே அது இருபுறமும் நடமாடுகிறது. யார் எவரென்று தெரிந்த இடங்களில்தான் இன்னும் தயக்கம். ஆகையால் கொங்குத் தமிழின் இனிமையைப் பற்றிப் பெருமை பேசும் பெரியோர்கள், தங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாளையும் தெருக் கூட்டும் பெரியவரையும் 'வாங்க' என்று அழைக்கத் தங்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.