விரல் அறியும் பாரம்

துப்பாக்கி சுடுவதில் ஈடுபாடு கொண்டவர்களிடையே வெகுகாலமாக நிலவிவரும் அபிப்பிராயம் ஒன்றுண்டு. விசை எவ்வளவுக்கெவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு குறி தப்பாது என்பதே அது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியும் சாமானியமானதன்று.

2008-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வென்ற 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் இலக்கில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். அதைச் சூழ்ந்த வளையங்கள் ஒன்றுக்கொன்று 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் தூரமுள்ள ஒரு துப்பாக்கியில், முன்குறி 0.2 மில்லிமீட்டர் விலகினாலே குண்டு ஒரு வளையம் தள்ளிப் பதிந்துவிடும் என்பது கணக்கில் புலனாகும். விரல் விசையைப் பின்னோக்கி இழுக்கையில் அதே கையின் உள்ளங்கை பிடியை எதிர்த்திசையில் தாங்குவதால், இழுப்பு நேர்கோட்டில் இருக்கும்வரை துப்பாக்கி அசைவதில்லை. ஆனால் மனிதவிரல் நேர்கோட்டுக்குக் கட்டுப்பட்டதன்று. 1500 கிராம் பாரமுள்ள விசையை ஐந்து பாகை சாய்த்து இழுத்தால் ஏறக்குறைய 130 கிராம் பலம் பக்கவாட்டில் பாய்கிறது. 100 கிராம் விசையில் அதே பிழை 9 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. அன்றியும், உள்ளே சுடும் பொறியைப் பிடித்து நிறுத்தியிருக்கும் கொண்டி நழுவும் அந்தக் கணத்தில் எதிர்ப்பு திடீரென மறைய, விரல் பின்னால் துள்ளும். குண்டோ இன்னும் குழலை விட்டு வெளியேறியிராது. ஆகவேதான் காற்றுத் துப்பாக்கி வீரர்கள், தங்கள் பிரிவில் குறைந்தபட்சப் பாரம் எதையும் விதிகள் வற்புறுத்தாத சலுகையை முற்றும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். காற்றுக் கைத்துப்பாக்கிக்கு 500 கிராம், 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிளுக்கு 1500 கிராம் என்று பிற பிரிவுகளில் வரம்பு உண்டு.

மற்றப் பாதி உண்மை விரலின் ஸ்பரிச உணர்ச்சியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைப்சிக் நகரத்தில் எர்ன்ஸ்ட் வேபர் என்ற உடலியல் அறிஞர், பாரங்களைத் தூக்கிப் பார்க்கச் செய்து நடத்திய பரிசோதனைகளிலிருந்து, நாம் உணரக்கூடிய மிகச்சிறிய வித்தியாசம் நிலையான ஓர் அளவன்று, மொத்தப் பாரத்தின் ஒரு விகிதமே என்று கண்டார். பாரம் குறையக் குறைய உணர்வு நுட்பமாவதால் இதுவும் இலேசான விசைக்கே சாதகம் போலத் தோன்றும். ஆயினும் அந்த விகிதம் கீழ்நோக்கி முடிவின்றிச் செல்வதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே, விசையைத் தொட்டோமா இல்லையா என்பதே விரலுக்குச் சந்தேகமாகிவிடுகிறது. குளிரும் களைப்பும் பதற்றமும் அந்த எல்லையை மேலே தூக்கிவிடுகின்றன.

பனிச்சறுக்கலும் துப்பாக்கி சுடுதலும் கலந்த பயத்லான் பந்தயம் இதற்குத் தக்க சாட்சி. 3.5 கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் சுமந்து மூச்சிரைக்கச் சறுக்கிவந்தவர், நாடி படபடக்க, விறைத்த விரல்களோடு 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து வட்டங்களை வீழ்த்தவேண்டும். படுத்துச் சுடும்போது அவ்வட்டத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். இங்கே விசை 500 கிராமுக்குக் குறையலாகாது என்பது விதி. அந்த விதியே இல்லாதிருந்தாலும், விவேகமுள்ள எவரும் மரத்துப்போன விரலிடம் 100 கிராம் விசையை ஒப்படைக்கமாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ராணுவத் துப்பாக்கிகளின் சங்கதி வேறு. கீழே விழுந்தாலும் பிறர்மேல் மோதினாலும் வெடிக்காதிருக்க, கொண்டி ஆழமாகப் பற்றியிருக்கவேண்டும். ஆழமாகப் பற்றினால் விசையை நெடுந்தூரம் இழுக்கவேண்டும். நெடுந்தூரம் இழுத்தால் குறி கலையும். மௌஸர், லீ என்ஃபீல்டு முதலிய பழைய துப்பாக்கிகளைச் செய்தவர்கள் இந்த முரண்பாட்டுக்குக் கண்ட பரிகாரம், இழுப்பை இரண்டு படிகளாகப் பிரித்ததே. முதற்படியில் விசை இலேசாக நகர்ந்து கொண்டியின் பற்றுதலில் பெரும்பகுதியை விடுவிக்கும். பிறகு சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அவ்விடத்திலிருந்து வேண்டியது சிறிது கூடுதல் அழுத்தம் மட்டுமே. மொத்தப் பாரம் கணிசமாயிருப்பினும், கடைசிக் கணத்தில் விரல் புதிதாகச் சேர்ப்பது அதில் ஒரு பகுதிதான். இந்த எளிய உபாயத்துக்குரிய புகழ் இதற்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. கிராம் கணக்கில் தர்க்கிப்பவர்கள் பலர் அந்தச் சுவர் கூர்மையாக இருக்கிறதா, மணல்போல் நறநறக்கிறதா என்று கேட்பதே இல்லை. நறநறக்கும் 1 கிலோ விசையைவிட, கண்ணாடி ஒடிவதுபோல் விடுபடும் 1.5 கிலோ விசையே நல்ல பலன் தரும்.

ஆகையால் பழகத் தொடங்குகிறவர் சற்றுக் கனமான விசையில் ஆரம்பித்து, குண்டுகள் ஒரு பக்கமாக இழுபடுவது பயிற்சியினால் நின்ற பிறகே படிப்படியாகக் குறைப்பது உசிதம். ஒவ்வொரு முறை குறைத்த பின்பும், குண்டு அறவே இல்லை என்பதை நிச்சயித்துக்கொண்டு, துப்பாக்கியை ஆயத்தநிலையில் வைத்து அடிக்கட்டையைத் தரைவிரிப்பின்மீது உறுதியாகத் தட்டிப் பார்க்கவேண்டும். விரல் படாமலே கொண்டி நழுவினால் அளவு எல்லை மீறிவிட்டது. அப்போது விசையின் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிராமல், துப்பாக்கியை அதில் தேர்ந்த கம்மியரிடம் கொண்டுசெல்லவேண்டியதுதான்.