சம்பளக் குறைப்பா? பதில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்!

"நிறுவனத்தின் நிதி நிலையைக் கருத்தில் கொண்டு, அடுத்த மாதம் தொடங்கி உங்கள் சம்பளம் 20 விழுக்காடு குறைக்கப்படுகிறது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

இப்படி ஒரு கடிதம் வந்தால் நம்மில் பலர் முதலில் செய்வது மனக்கணக்கு. வீட்டுக் கடன், கார் தவணை, பிள்ளைகளின் டியூஷன் கட்டணம்... பிறகு "வேலையாவது இருக்கிறதே" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடுகிறோம். பிரச்சினை தொடங்குவதே அந்த மௌனத்தில்தான்.

சம்பளம் என்பது முதலாளியும் ஊழியரும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம். அதை ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது. உங்கள் சம்மதம் இல்லாமல் சம்பளத்தைக் குறைப்பது ஒப்பந்த மீறல். ஆனால், குறைந்த சம்பளத்தை மாதக்கணக்கில் எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தால், "நீங்கள்தான் ஏற்றுக்கொண்டீர்களே" என்று பின்னர் வாதிட முடியும். அதனால் ஏற்பதா மறுப்பதா என்ற உங்கள் முடிவு எதுவானாலும் அதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

எது சம்பளக் குறைப்பு?

கூடுதல் நேர வேலை கிடைக்காமல் போவது பொதுவாகச் சம்பளக் குறைப்பு ஆகாது. ஓவர்டைம் கொடுத்தே தீர வேண்டும் என்ற கடப்பாடு முதலாளிக்கு இல்லை. நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட போனசும் அப்படித்தான்.

அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட போனஸ் ஆகியவற்றில் கை வைப்பது வேறு. மாதத்தில் சில நாள் சம்பளமில்லா விடுப்பு எடுக்கக் கட்டாயப்படுத்துவதும் குறைப்புதான். எல்லாவற்றுக்கும் உங்கள் சம்மதம் வேண்டும்.

மொத்தத் தொகை மாறாமல், அடிப்படைச் சம்பளத்தின் ஒரு பகுதியைப் "பயணப் படி" என்று பெயர் மாற்றுவதும் உண்டு. பயணப் படிக்கு இ.பி.எஃப். சந்தா கிடையாது. இன்று கையில் வரும் பணம் குறையாததுபோல் தெரிந்தாலும் ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும்.

சட்டம் யாருக்கு?

2023 ஜனவரி 1 முதல் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பள அளவு எதுவாக இருந்தாலும், தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் உள்ள தனியார் துறை ஊழியர்களுக்குப் பொருந்துகிறது. ஓவர்டைம், ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற சில உரிமைகள் மட்டும் மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குவோருக்கு உரியவை. சபா, சரவாக்கிற்குத் தனிச் சட்டங்கள் உள்ளன.

நீங்களே சம்மதித்தாலும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்குக் கீழே போக முடியாது. தொழிற்சங்கம் கூட்டு ஒப்பந்தம் செய்திருந்தால், அதில் உள்ள சம்பளத்தைத் தனித்தனி ஊழியரிடம் கையெழுத்து வாங்கி நிர்வாகம் குறைக்க முடியாது. சங்கத்துடன்தான் பேச வேண்டும்.

சம்பளத்தைக் குறைக்கத் திட்டமிடும் நிறுவனம், குறைந்தது 30 நாளுக்கு முன் "பி.கே." படிவத்தின் வழி தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். "படிவம் அனுப்பியாகிவிட்டதா?" என்று நீங்கள் பணிவாகக் கேட்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத நட்டம்

3,800 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்கு 20 விழுக்காடு குறைந்தால் 3,040 ரிங்கிட். மாதம் 760 ரிங்கிட் போகிறது. ஊழியரின் 11 விழுக்காடு, முதலாளியின் 13 விழுக்காடு என இ.பி.எஃப். கணக்கில் சேரும் தொகையும் மாதம் சுமார் 180 ரிங்கிட் குறையும். பழைய நிலைக்குத் திரும்ப 20 விழுக்காடு உயர்வு போதாது, 25 விழுக்காடு வேண்டும்.

ஆட்குறைப்பு வந்தால் அடி இன்னும் பெரிது. சட்டப்படியான இழப்பீடு, வேலையை இழப்பதற்கு முந்தைய 12 மாதச் சராசரிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். ஆறு ஆண்டு வேலை செய்தவருக்கு 3,800 ரிங்கிட் சம்பளத்தில் ஏறத்தாழ 15,000 ரிங்கிட் கிடைக்கும். ஓராண்டு முழுவதும் 3,040 ரிங்கிட் வாங்கிய பிறகு என்றால் ஏறத்தாழ 12,000 ரிங்கிட்தான். வேலையைக் காப்பாற்ற விட்டுக்கொடுத்தவர், வேலை போகும்போது இரண்டாம் முறையும் இழக்கிறார்.

ஏற்பதாக இருந்தால்

நிறுவனம் உண்மையிலேயே தள்ளாடலாம். ஆட்குறைப்பைத் தவிர்க்க எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. ஆனால் நிபந்தனைகள் எழுத்தில் இருக்கட்டும்:

* குறைப்பு எந்தத் தேதியில் முடியும்? "நிலைமை சீராகும் வரை" என்பது தேதி ஆகாது.

* சம்பளத்தோடு வேலை நேரமும் குறையுமா?

* மேல்மட்ட நிர்வாகிகளுக்கும் இது உண்டா?

* இடையில் ஆட்குறைப்பு நடந்தால் இழப்பீடு பழைய சம்பளத்தின்படி கணக்கிடப்படுமா?

* பிடித்த தொகை பின்னர் திருப்பித் தரப்படுமா?

கடிதத்தில் உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "குடும்பத்தாரிடம் கலந்து பேச ஒரு வாரம் அவகாசம் வேண்டும்" என்று கேட்பது நியாயமான கோரிக்கையே.

மறுப்பதாக இருந்தால்

மலாயிலோ ஆங்கிலத்திலோ மூன்று வரி மின்னஞ்சல் போதும்: "சம்பளக் குறைப்புக் கடிதம் கிடைத்தது. இந்த மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. என் வேலையைத் தொடர்ந்து செய்வேன், ஒப்பந்தப்படியான முழுச் சம்பளத்தை எதிர்பார்க்கிறேன்." கோபமும் குற்றச்சாட்டும் வேண்டாம். அதன் நகலை அலுவலகக் கணினியில் மட்டும் வைக்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் சம்பளம் குறைந்து வந்தால், சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், வங்கிக் கணக்கறிக்கை ஆகியவற்றோடு அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். குறைந்துபோன தொகையைக் கோரும் வழக்கைத் தொழிலாளர் நீதிமன்றம் விசாரிக்கும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

சம்பளக் குறைப்பை மறுப்பது ஒழுங்கீனம் ஆகாது. அதற்காக வேலையை விட்டு நீக்கினால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். ஆனால், மறுத்துவிட்டால் வேலை நிச்சயம் என்றும் நினைத்துவிடக் கூடாது. நிறுவனத்தில் உண்மையாகவே ஆள் மிகையாக இருந்தால், முறையான நோட்டீசும் இழப்பீடும் கொடுத்து ஆட்குறைப்பு செய்ய அதற்கு வழியுண்டு.

அவசர ராஜினாமா வேண்டாம்

முதலாளி ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறினால், ஊழியர் தாமாக வெளியேறினாலும் அதைப் பணிநீக்கமாகக் கருதலாம் என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1988-இல் வோங் சீ ஹோங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. இதை மறைமுகப் பணிநீக்கம் என்பார்கள். ஆனால் மீறலை நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. நீண்ட நாள் காத்திருந்தாலும் வழக்கு பலவீனமாகும். அதனால் இந்த வழியில் போவதற்கு முன் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ ஆலோசனை பெறுங்கள்.

மனம் நொந்து, "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வேலை இழந்தவருக்கு பெர்கெசோவின் வேலைக் காப்புறுதித் திட்டம், சந்தா நிபந்தனைகள் பூர்த்தியானால், ஆறு மாதம் வரை வேலை தேடும் படி தருகிறது. முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு. இதற்கும் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமாக விரும்பி விலகியவருக்கு இது கிடைக்காது. அந்த ஒரு வரி, 20-ஆவது பிரிவின் கீழ் முறையிடும் வாய்ப்பையும் இந்த உதவியையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

ஆகவே, கடிதம் கைக்கு வந்த அன்றே மூன்று காரியம் செய்யுங்கள். வேலை ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் உங்கள் பதில் எழுத்தில் போய்ச் சேரட்டும்.