மணலிடை வாழும் நுண் விலங்குகள்

கடற்கரை மணலை மிதித்துச் செல்வோர் அதனை உயிரற்ற பொருளெனவே எண்ணுவர். ஆயின், மணலுக்கும் மணலுக்கும் இடைப்பட்ட நீரில் எண்ணிறந்த விலங்குகள் வாழ்கின்றன. ஒரு மில்லிமீற்றர்க் கண்ணுடைய அரிதட்டில் நில்லாது கழிந்துவிடும் இவற்றைக் குறிக்க, 1942 இல் மொலி மேயர் என்னும் அறிஞர் 'மயோபெந்தொஸ்' என்னும் சொல்லை ஆக்கினார்.

அலையால் அள்ளுண்டு போகாவண்ணம் இவற்றுட் பல, பசைச் சுரப்பிகளால் மணலைப் பற்றிக்கொள்கின்றன. அப்பற்றே ஆராய்வோர்க்குத் தடையுமாகும். மக்னீசியங் குளோரைட்டுக் கரைசலால் மயக்கியே இவற்றைப் பிரித்தெடுத்தல் வழக்கம்.

1982 இல், பிரான்சு தேசத்து றொஸ்கொவ் ஆய்வுகூடத்தில், டென்மார்க் விலங்கியலறிஞர் றைன்ஹார்ட் கிறிஸ்ரென்சன், கடலடியினின்றும் எடுத்த சிப்பித்துகள் மணலை ஆராய்ந்தார். அன்று அவர் அங்கிருந்த இறுதி நாள். வழக்கமான முறைக்கு நேரம் போதாமையால், மணலை நன்னீரிற் கழுவினார். உவர்நீர் விலங்குகள் அதிர்ச்சியுற்றுப் பிடியை விட்டன. அவற்றிடையே, அதுகாறும் எவரும் விவரித்திராத விலங்கொன்றின் குடம்பிகளும் முதிர்ந்தனவும் ஒருங்கே கிடைத்தன.

ஏறக்குறையக் கால் மில்லிமீற்றர் நீளமுடைய அதன் உடலை ஆறு தகடுகளாலான கவசம் சூழ்ந்துள்ளது; முள்வரிசைகளையுடைய தலை அதனுள் ஒடுங்க வல்லது. விலங்கியலிற் கணம் என்பது உடலமைப்பின் அடிப்படைத் திட்டத்தைக் குறிப்பது. முன்னறிந்த எக்கணத்தின் திட்டத்துள்ளும் இவ்விலங்கு அடங்கவில்லை. ஆகவே, 1983 இல் அவர் 'கவசந்தாங்கி' எனப் பொருள்படும் லொரிசிபெரா என்னும் புதிய கணத்தை நிறுவி, இவ்வினத்துக்கு நனலோரிக்கஸ் மிஸ்ரிக்கஸ் எனப் பெயரிட்டார்.

புதியதோர் இனம் காணப்படுதல் வியப்பன்று. புதியதொரு கணம் காணப்படுதல் மிக அரிது. அறியாமை தொலைவினால் மாத்திரம் நேர்வதன்று. காணும் முறை வாய்க்காமையாலும் நேர்வதேயாம்.